மணல்தொட்டியில் கிடந்த காயல்

இந்தப் பதிவே ரொம்ப நாளா வரைவில் கிடந்ததுதான். வரைவுகளைப் பற்றிய பதிவு வரைவிலேயே கிடக்கிறதேன்னு வெட்கமா இருந்ததால், இன்னைக்கு உட்கார்ந்து முடிச்சிட்டேன் :-) கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க மக்களே.

எங்க ஊர் காயல்பட்டினம். திருச்செந்தூருக்கு வடக்கே, கடலோரம். எழுதுவதற்கும் அதை வெளியே விடுவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு எங்க ஊரிலேயே ஒரு பெரிய கதை இருக்கு. அதில் ஆரம்பிச்சு விக்கிப்பீடியா வழியா எங்க மாமா வீட்டு அலமாரிக்கு வந்து சேர்றேன்.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாகவாவது படிச்சிருப்பீங்க. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள். இதுல பலருக்குத் தெரியாத விஷயம், அது முடியாத நூல் என்பது. நபிகள் நாயகத்தின் வாழ்க்கை முழுவதும் அதில் வராது. ஆதரித்த வள்ளல் சீதக்காதி மறைந்துவிட்டார். பிறகு அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவில் நூல் அரங்கேறியது. முழுசா முடியட்டும், அப்புறம் அரங்கேற்றலாம்னு காத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் எங்க ஊர்க்காரர். பனீ அகுமது மரைக்காயர் 1732இல் மிச்ச வரலாற்றைப் பாடினார். அதற்குப் பெயர் சின்னச் சீறா. ஒருத்தர் முடிக்காமல் விட்டதை இன்னொருத்தர் எடுத்துத் தொடர்ந்தார். அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். முதல் ஆள் எழுதினது வெளியே வந்திருக்கணும். உமறு தன் ஓலையைப் பெட்டியில் பூட்டி வச்சிருந்தா, தொடர்வதற்கு அங்கே எதுவும் இருந்திருக்காது.

அரங்கேற்றம் என்பதையும் கொஞ்சம் கவனிக்கணும். இன்னைக்கு நாம 'வெளியிடு' பொத்தானை அமுக்கறோமே, அன்னைக்கு அதுதான் அரங்கேற்றம். நூலைச் சபையில் வாசிக்கணும். கற்றவர்கள் தடை சொல்வார்கள். புலவர் விடை சொல்லணும். அதைத் தாண்டினால்தான் நூல். அதுக்கு முன்னால் எத்தனை கட்டு ஓலை எழுதியிருந்தாலும் அது வரைவுதான்.

அரங்கேறினா மட்டும் பத்திரமா? அதுவும் இல்லை. ஓலை செல்லரிக்கும், கடலோரக் காற்றில் சீக்கிரமே பழுதாகும். யாராவது உட்கார்ந்து பெயர்த்தெழுதிக்கிட்டே இருக்கணும். பெயர்த்தெழுதும்போது கை பிசகும், அதனால் பாடபேதம் வரும். ஊருக்கு ஊர் ஒரு ஏடு, ஏட்டுக்கு ஏடு ஒரு பாடம். சீறா எழுதி ஏறக்குறைய 140 வருஷம் இப்படித்தான் ஓலையில் உயிர் பிழைச்சது.

1842இல் அது அச்சேறியது. ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டுப் பார்த்துப் பதிப்பித்தவரும் காயல்பட்டினத்துக்காரர்தான். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். ஊரில் சேகனாப் புலவர் என்றால்தான் தெரியும், 'புலவர் நாயகம்' என்பது பட்டம். அவரே குத்பு நாயகம், திருக்காரணப் புராணம் எல்லாம் பாடிய பெரிய புலவர். ஆனாலும் தன் நேரத்தில் ஒரு பகுதியை இன்னொருத்தர் நூலைச் சரிபார்த்து வெளியே கொண்டு வருவதற்குச் செலவு பண்ணினார். சொந்தப் பதிவை விட்டுட்டு அடுத்தவன் பதிவில் எழுத்துப்பிழை திருத்துறது எவ்வளவு கஷ்டம்னு நமக்குத் தெரியாதா என்ன!

இதுல ஒரு வேடிக்கை உண்டு. எங்க ஊருக்குப் பக்கத்திலேயே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கு. அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586இல் அங்கேதான் அச்சானதாகச் சொல்வார்கள். அதாவது கூப்பிடு தூரத்தில் தமிழ் அச்சு வந்துபோய் 256 வருஷம் கழிச்சுத்தான் சீறா அச்சேறியது. ஏன் இவ்வளவு தாமதம்? முக்கியமான காரணம், அச்சுக்கூடம் நம்ம ஆட்கள் கையில் இல்லை. மிஷன்காரர்களும் கும்பினியும் வச்சிருந்தார்கள். 1835இல் மெட்காஃப் அச்சுச் சட்டத்தைத் தளர்த்திய பிறகுதான் இந்தியர்கள் தாராளமா அச்சகம் நடத்த முடிந்தது. அடுத்த ஏழாவது வருஷம் சீறா வந்துவிட்டது. புலவர் இருந்தார், நூல் இருந்தது, வாசகரும் இருந்தார்கள். வெளியிடும் வழி மட்டும்தான் இல்லாமல் இருந்தது.

இனி கலைக்களஞ்சியங்களுக்கு வருவோம்.

தமிழில் தனி ஒருவராக அகராதிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் நடுவில் ஒரு மலையைக் கட்டினவர் ஆ. சிங்காரவேலு முதலியார். அவருடைய அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வந்தது. அந்தக் கையெழுத்துப் பிரதியை வச்சுக்கிட்டு அச்சிடப் பொருளுதவி தேடி வருஷக்கணக்கில் அலைந்தவர் அவர். கடைசியில் கை கொடுத்தவர் பாண்டித்துரைத் தேவர். புத்தகம் வந்ததும் அவர் ஓய்ந்துவிடவில்லை. திருத்தங்களையும் சேர்க்கைகளையும் எழுதிக்கிட்டே இருந்தார். 1931இல் காலமானார். விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934இல்தான் வந்தது, அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அடுத்து, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம். அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்றார், பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியர். முதல் தொகுதி 1954இல், பத்தாவது தொகுதி 1968இல். இன்னைக்கும் எடுத்துப் படிச்சா அசந்து போவீங்க. ஆனா 1954இல் அச்சான பக்கத்தில் ஒரு பிழை இருந்தா? அது அப்படியேதான் இருக்கும். வாசகன் பென்சிலில் ஓரமா குறிச்சு வச்சுக்கலாம், அவ்வளவுதான்.

இணையத்தில் கலைக்களஞ்சியம் எழுதப் புறப்பட்டவர்களும் முதலில் பழைய வழியைத்தான் பிடிச்சாங்க. ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2000 மார்ச்சில் நுப்பீடியா என்று ஒன்றை ஆரம்பிச்சாங்க. துறை வல்லுநர்தான் எழுதணும், எழுதினது ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. முதல் வருஷம் முடிவில் தேறி வந்தவை இருபது சொச்சம் கட்டுரைகள்! மிச்சமெல்லாம் வரைவாகவே தேங்கி நின்னுச்சு. அந்தத் தேக்கத்தை உடைக்க, யார் வேணாலும் எழுதலாம், திருத்தலாம் என்று 2001 ஜனவரி 15இல் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டாங்க. அதுதான் விக்கிப்பீடியா. அந்த வருஷம் முடிவதற்குள் ஏறக்குறைய 20,000 கட்டுரைகள். நுப்பீடியாவை 2003 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அதே செப்டம்பர் 30ஆம் தேதி தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் பிள்ளையார் சுழி விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் இ. மயூரநாதன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அமீரகத்தில் கட்டடக்கலை வேலை. வேலை முடிந்த நேரத்தில் தட்டித் தட்டியே ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். 2017 மே மாதம் தமிழ் விக்கி ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது.

அதுக்காக அங்கே வரைவே கிடையாதுன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு பயனருக்கும் 'மணல்தொட்டி'ன்னு ஒரு பக்கம் உண்டு. குழந்தை மணலில் எழுதி எழுதி அழிக்கிற மாதிரி எழுதிப் பழகலாம். தேறினதும் கட்டுரைப் பெயருக்கு நகர்த்தலாம். ஆங்கில விக்கியில் 2013 டிசம்பரில் வரைவுக்கென்றே தனிப் பிரிவு வச்சாங்க. ஆறு மாசம் யாரும் தொடாத வரைவை அங்கே நீக்கிவிடலாம். நம்ம வீட்டுப் பரணுக்கும் இப்படி ஒரு சட்டம் போட்டா நல்லா இருக்கும் :-)

இன்னொன்று. முன்பு அங்கே பொத்தானில் 'சேமி' என்றிருந்தது. ஆங்கிலத்தில் பின்னாளில் அதை 'வெளியிடு' என்று மாற்றினார்கள். நமக்கு மட்டும் சேமிக்கிறோம்னு நினைச்சுப் பலர் அமுக்கினாங்க, உடனே உலகத்துக்கே தெரிஞ்சுது. மணல்தொட்டியும் அப்படித்தான், அது பூட்டிய பெட்டி கிடையாது. யார் வேணாலும் எட்டிப் பார்க்கலாம். நீங்க அழிச்ச வரியும் 'வரலாறு' பக்கத்தில் இருக்கும். எந்தத் தேதி, எந்த நிமிஷம், என்ன சேர்த்தீங்க, என்ன எடுத்தீங்க, எல்லாம். இது பின்னாடி எனக்கு எவ்வளவு பெரிய உபகாரமா இருக்கப் போகுதுன்னு அப்போ தெரியாது.

சரி, என் கதைக்கு வர்றேன்.

எங்க உம்மாவோட மூத்த காக்கா, எங்களுக்குப் பெரிய மாமா. வாலிபத்தில் கொழும்பில் கல் வியாபாரம். ஊருக்குத் திரும்பின பிறகு, மிச்சமிருந்த கணக்கு நோட்டுகளில் ஊர் வரலாறு எழுத ஆரம்பிச்சார். மொத்தம் ஐந்து நோட்டு. தெருப் பெயர்கள், தோணி வச்சிருந்த குடும்பங்கள், முத்துச் சலாபக் காலத்துச் சொற்கள், பழைய விலைவாசி, கல்யாண வழக்கங்கள், எல்லாம் நுணுக்கி நுணுக்கி.

2010இல் விக்கியில் கணக்கு தொடங்கினேன். ஊரின் வரலாற்றுப் பகுதிக்குன்னு ஒரு வரைவு போடலாம்னு மணல்தொட்டியில் ஆரம்பிச்சேன். 2012இல் லீவுக்கு வந்தப்போ மாமாவின் முதல் நோட்டை முழுக்கவும், இரண்டாவதில் பாதியையும் தட்டச்சு பண்ணி அப்படியே மணல்தொட்டியில் கொட்டினேன். யார் வேணாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு அங்கே ஒரு உரிமம் உண்டு, அதையும் மாமாகிட்ட சொன்னேன். "ஊருக்குப் போறதுதானே, போகட்டும்" என்றார்.

சிக்கல் முதல் பத்தியிலேயே வந்தது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்தார். காயல் என்ற பெரிய துறைமுகத்தைப் பற்றியும், ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து அங்கே குதிரைகள் வந்து இறங்குவதையும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வருஷத்துக்கு 10,000 குதிரைகள் மாபார் கரைக்கு வந்ததாகவே எழுதி வச்சிருக்கார். அந்தக் காயல் எங்க ஊர்தான்னு ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். மாமா நோட்டிலும் முதல் வரி அதுதான்.

ஆனா கால்டுவெல் அப்படிச் சொல்லலை. திருநெல்வேலி வரலாற்றை 1881இல் புத்தகமாக்கியவர் அவர். மார்க்கோ போலோவின் காயல் எது? தாமிரபரணி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள பழையகாயல்தான், காயல்பட்டினம் இல்லை என்பது அவர் முடிவு. அங்கே நடந்து பார்த்து, உடைந்த ஓடுகளையும் சீனப் பீங்கான் துண்டுகளையும் எடுத்தவர். காரணமும் புரியும்படி இருக்கு. ஆறு கொண்டு வந்து கொட்டும் வண்டலில் கடல் பின்வாங்கிக்கிட்டே போகுது. பழைய கொற்கை இன்னைக்குக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கு. கொற்கை தூர்ந்ததும் காயல், காயல் தூர்ந்ததும் வேறு துறை. இன்னொரு பக்கம், காயல் என்பது ஒற்றைத் துறையின் பேர் இல்லை, முகத்துவாரத்தைச் சுற்றிய துறைகளுக்கெல்லாம் பொதுப்பேர் என்று வாதிடுபவர்களும் உண்டு. எங்க ஊரிலும் பழமைக்குக் குறைவில்லை. உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளின்னு பேர் சொல்லும் கல்வெட்டே இருக்கு.

இதை எப்படி மாமாகிட்ட சொல்றது? எழுபது வயசு தாண்டின மனுஷன். அவர் கட்டின வீட்டின் முதல் செங்கல்லையே உருவச் சொல்ற மாதிரி. ஒரு வருஷத்துக்கு மேல வரைவைத் தொடாமலேயே வச்சிருந்தேன். யாரும் கேட்டா, 'இன்னும் சான்று தேடிக்கிட்டிருக்கேன்' என்பேன். பொய்தான். சான்று கிடைச்சதுதான் பிரச்சனையே.

2013இல் துணிஞ்சு, கால்டுவெல் சொன்னதையும் சேர்த்து எழுதி, தாளில் எடுத்துக்கிட்டு மாமா முன்னால் உட்கார்ந்து வாசிச்சேன். கேட்டுக்கிட்டே இருந்தார். அந்த இடம் வந்தப்போ ஒண்ணும் சொல்லலை. அடுத்த பத்தியில், மாமா மனசு குளிரட்டுமேன்னு நானா ஒரு விஷயம் சேர்த்திருந்தேன். குதிரைகள் இறங்கினது எங்க கரையில் எந்த இடம் என்று அவர் நோட்டில் இருந்த மூணு வரி. அதை வாசிச்சதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது எங்கேருந்து எடுத்தே?"

"உங்க நோட்டுலதான் மாமா."

"எனக்கு யார் சொன்னா? எங்க உம்மாவுக்கு உம்மா சொன்னாங்க. அவங்களுக்கு யார் சொன்னாங்களோ. என் நோட்டுல இருக்கலாம் மருமவனே, இதுல இருக்கக் கூடாது. எடுத்துரு."

"அப்போ கால்டுவெல்?"

"அவன் போய்ப் பார்த்து எழுதியிருக்கான்லா? இருக்கட்டும். நம்ம ஆளுங்க சொல்றதையும் போடு. படிக்கிறவன் முடிவு பண்ணிக்குவான்."

விக்கியில் 'சொந்த ஆய்வு கூடாது', 'மெய்யறிதன்மை வேணும்', 'நடுநிலை வேணும்'னு பக்கம் பக்கமா விதி எழுதி வச்சிருக்காங்க. மாமா அதுல ஒண்ணைக்கூடப் படிச்சவர் கிடையாது. கணக்கு நோட்டில் எழுதிப் பழகின கைக்கு, ரசீது இல்லாத வரவு வரவில்லைன்னு தெரிஞ்சிருந்தது. நான்தான் அவரைக் காப்பாத்துறதா நினைச்சு ஒரு வருஷத்தை வீணடிச்சேன்.

மூணு வரியை எடுத்தேன். நோட்டிலிருந்து கொட்டினதில் அச்சுச் சான்று இல்லாத எல்லாத்தையும் எடுத்தேன். மிஞ்சினது ஐந்தே பத்தி. அன்னைக்கு ராத்திரியே வெளியிட்டேன். ரெண்டு நாளில் யாரோ ஒரு பயனர் வந்து என் சந்திப்பிழைகளைத் திருத்திட்டுப் போனார். சின்ன வேலைதான், ஆனா எனக்குச் சேகனாப் புலவர் ஞாபகம் வந்தது.

மாமாவிடம் சொன்னேன்: "மிச்சத்தை வலைப்பதிவில் தனியாப் போடலாம் மாமா. செவிவழின்னு சொல்லியே போடலாம். மிச்ச நோட்டையும் அடுத்த லீவில் தட்டிடறேன்." அந்த அடுத்த லீவு வரவே இல்லை. வந்தேன், போனேன், கல்யாணம், காட்சி, வேலை மாற்றம். நோட்டு எங்கே போயிடப் போகுது, அலமாரியில்தானே இருக்குன்னு ஒரு நினைப்பு.

2023 டிசம்பர் 17. மழை. மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். எங்க மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம், ஒரே நாளில். ரெண்டு நாளா ஊருக்குப் போன் போகலை. மூணாம் நாள் பேசினப்போ எல்லாரும் நலம்னு தெரிஞ்சு நெஞ்சு ஆறுச்சு. கடைசியில் மாமா போனை வாங்கினார்.

"நோட்டெல்லாம் கீழ்த்தட்டுல இருந்துச்சு மருமவனே. மாவா கரைஞ்சு போச்சு. நீ அப்போ அதுல என்னமோ அடிச்சு வச்சியே... அது இருக்கா?"

ஐந்து பத்திதான் இருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைச்சது. அன்னைக்கு ராத்திரி மணல்தொட்டியைத் திறந்து 'வரலாறு' பக்கத்துக்குப் போனேன். பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு சேமிப்பு. அமுக்கினா, முழுசா இருக்கு! தெருப் பெயர்கள், தோணிக்காரர்கள், சலாபச் சொற்கள், அழிச்ச அந்த மூணு வரி உட்பட. நோட்டு ஒன்றரை. மிச்ச மூன்றரை நோட்டு போனது போனதுதான். அதைத் தட்டியிருக்க எனக்குப் பத்து வருஷம் இருந்தது. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் பற்று என் பக்கம்தான் நிற்குது.

வரைவு என்பது கவனமா இருப்பதற்கான இடம், ஒத்துக்கறேன். சரிபார்க்காம வெளியிடறது தப்பு. ஆனா முழுசா முடியட்டும்னு வச்சிருக்கறதும், யார் மனசும் நோகக் கூடாதுன்னு வச்சிருக்கறதும் கவனம் இல்லை. உறுதியானதைக் கட்டுரையாக வெளியிடு. உறுதியில்லாததை அப்படிச் சொல்லியே வேறோர் இடத்தில் வெளியிடு. ரெண்டையும் பூட்டி மட்டும் வைக்காதே. எனக்கு இதைப் புரிய வச்சது 95 சென்டிமீட்டர் மழை.

அந்தப் பழைய சேமிப்பை அச்செடுத்து, பைண்டு பண்ணி, பொங்கல் லீவில் கொண்டு போய் மாமா கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். சந்தோஷப்படுவார்னு நின்னுக்கிட்டிருந்தேன்.

"மூணாவது வரியில தெரு பேரைத் தப்பா அடிச்சிருக்கே. பேனா எடு."

அன்னைக்கு அசர் வரைக்கும் திருத்தினார். போன நோட்டுகளில் நினைவில் இருக்கறதைச் சொல்லச் சொல்லி, நான் செல்போனில் பதிஞ்சுக்கிட்டு வர்றேன். இந்த முறை தட்டினது தட்டினபடி வாராவாரம் இங்கே வரும்.

பி.கு: உங்க வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். இன்னைக்கே எடுத்து மேல்தட்டில் வைங்க. நாளைக்கு ஒரு பக்கம் தட்டுங்க.